முருங்கைக்கு இரண்டு எலி

சுவிஸின் துன் நகரத்தில் குகநாதனின் கையால் சாப்பிடாத தமிழர் ஒருவரைக் காட்டினால், அவர் நேற்றுத்தான் விமானத்தால் இறங்கியவராக இருப்பார். பிறந்தநாள், சாமத்தியச் சடங்கு, அந்தியேட்டி, கோயில் அன்னதானம், எதுவென்றாலும் பெரிய கிடாரத்துக்கு முன்னால் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பவர் அவர்தான். கூப்பிடாவிட்டால் கோபிப்பார். தெருவில் யாரைக் கண்டாலும் முதல் கேள்வி "சாப்பிட்டியளோ?" என்பதுதான். காலை பத்து மணிக்கும் அதே கேள்வி, பின்னேரம் நாலு மணிக்கும் அதே கேள்வி. இல்லை என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு நீங்கள் வேறு அலுவல் பார்க்க முடியாது.

தொண்ணூறாம் ஆண்டு, பத்தொன்பது வயதில் அகதியாக வந்து சேர்ந்தபோது, ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவும் வேலைதான் அவருக்குக் கிடைத்தது. ஆறு வருடம் கழுவினார். பிறகு மரக்கறி வெட்டினார், பிறகு சூப் வைத்தார். இப்போது ஐம்பத்துநான்கு வயதில் அதே சமையலறையில் ஷெஃபுக்கு அடுத்த ஆள் அவர்தான். கழுவுவதற்குத் திரும்பி வரும் தட்டில் சாப்பாடு மிஞ்சிக் கிடந்தால் இன்றைக்கும் அவருக்கு மனம் கேட்காது. யார் வைத்தது, ஏன் வைத்தது, உப்புக் கூடிப்போய்விட்டதோ என்று எட்டி எட்டிப் பார்ப்பார்.

அப்படிப்பட்ட மனிதரின் ஒரே மகள் சாப்பிடுவதை நிறுத்தினாள்.

மதுஜாவுக்குப் பத்தொன்பது வயது. மிருக வைத்தியர் ஒருவரிடம் லேர செய்துகொண்டிருந்தாள். லேர என்றால் இங்கே பிள்ளைகள் வேலைத்தலத்திலேயே மூன்று வருடம் தொழில் பழகுவது. சின்ன வயதில் கொழுகொழுவென்று இருந்தவள். பதின்மூன்று வயதில் அவள் பெரியபிள்ளையானபோது சாமத்தியச் சடங்கு செய்தார்கள். மண்டபம் நிறையச் சனம். பட்டுச்சேலையும் பூமாலையுமாக மேடையில் மகள் இருக்க, எல்லோரையும் பந்திக்குக் கூப்பிடுவதற்காக மைக்கைப் பிடித்த குகநாதன், "எங்கட வீட்டில சாப்பாட்டுக்குக் குறைவில்லை எண்டது என்ர பிள்ளையைப் பாத்தாலே விளங்கும், வந்து வடிவாச் சாப்பிடுங்கோ" என்றார். மண்டபம் கொல்லென்று சிரித்தது. மேடையில் மகளும் சிரித்தாள். வீடியோவில் அது இப்போதும் இருக்கிறது.

ஆறு வருடத்துக்குப் பிறகு, சாப்பிட மறுக்கும் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்க்கும் கிளினிக்கில் டொக்டர் பெண்மணியின் முன்னால் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தபோது, மதுஜா அந்த வீடியோவைப் பற்றி ஜெர்மனில் சொன்னாள். ஒவ்வொரு சொல்லும் குகநாதனுக்கு விளங்கியது. விளங்காமல் இருந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. மனைவி புனிதவதி கீழே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பகிடியாகச் சொன்னது என்று சொல்ல வாயெடுத்த குகநாதன், டொக்டரின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

பாம்பு வந்தது அதற்கு ஒரு மாதம் முந்தி, ஓகஸ்டில்.

யாரோ ஒரு புண்ணியவான் அதைச் சப்பாத்துப் பெட்டிக்குள் போட்டு, மிருக வைத்தியரின் கதவடியில் வைத்துவிட்டுப் போயிருந்தான். செம்மஞ்சள் நிறத்தில் திட்டுத்திட்டாகப் புள்ளி போட்ட, விஷமில்லாத சோளப்பாம்பு. எத்தனை மாதம் பட்டினியோ தெரியாது. மதுஜா அதைக் கேட்டு வாங்கி, கண்ணாடிப் பெட்டி, சூட்டு விளக்கு எல்லாவற்றோடும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

புனிதவதி முதலில் கத்தினாள். பிறகு, வெள்ளிக்கிழமையும் அதுவுமாக வந்திருக்கிறதே என்று யோசித்து, கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு ஒரு சின்னக் கிண்ணத்தில் பால் கொண்டுவந்து வைத்தாள்.

"அம்மா, பாம்பு பால் குடியாது," என்று சொல்லி மதுஜா சிரித்தாள். அந்த வீட்டில் அவள் சிரித்துப் பல மாதமாகியிருந்தது. அந்தச் சிரிப்புக்காகவே பாம்பு வீட்டில் இருக்கட்டும் என்று குகநாதன் முடிவு கட்டினார்.

மெலிந்த பாம்பின் உடம்பு உருண்டையாக இராது. நடுமுதுகு எலும்பு வரம்பாக மேலே எழும்பி நிற்க, இரண்டு பக்கமும் சரிந்து கிடக்கும். மதுஜா அதைக் கையில் வைத்து வரம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "முருங்கைக்காய்தான்" என்றாள். அதுவே பேராகிவிட்டது. முருங்கை. தன் எலும்பைப் பற்றி யாராவது வாய்திறந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தும் பிள்ளை, பாம்பின் எலும்பைப் பார்த்து அழுதாள். குகநாதன் அதைக் கண்டார். கண்டும், "புட்டு அவிச்சுக் கிடக்கு, ஒரு வாய் தின்னன் பிள்ளை," என்றார். மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

செப்டெம்பர் நடுப்பகுதியில் அவளைக் கிளினிக்கில் சேர்த்தார்கள். மலைப்பக்கமாகப் பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் போகவேண்டும். போவதற்கு முதல்நாள் அவள் ஒரு தாள் நிறைய எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். சனிக்கிழமை தோறும் ஒரே ஒரு சின்ன எலி. ஃப்ரீசரில் இருப்பதை எடுத்து இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்து இளக்கிக் கொடுக்கவேண்டும். சாப்பிட்ட பிறகு இரண்டு நாள் தொடவே கூடாது. தின்றதைச் சத்தியெடுத்தால் உடனே வைத்தியரைக் கூப்பிடவேண்டும். பத்து நாள் சாப்பிடாவிட்டாலும் பயப்பட வேண்டாம். கடைசி வரியின் கீழ் மூன்று கோடு போட்டிருந்தாள்: கூடக் கொடுக்கக் கூடாது.

"அப்பா, இஞ்ச பாருங்கோ. ஒவ்வொரு சனியும் சாப்பாடு குடுக்கிறதுக்கு முன்னம் தராசில வைச்சு நிறுத்து, படம் எடுத்து அனுப்புங்கோ. அங்க பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு. அதுக்கு முன்னம் எனக்கு வரவேணும்."

"ஏன் பிள்ளை பன்னிரண்டுக்கு முன்னம்?"

"முருங்கையின்ர நிறை கூடியிருந்தா அண்டைக்கு நானும் சாப்பிடுவன்." அவள் அவரைப் பார்க்காமல் பாம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எனக்கும் முருங்கைக்கும் அப்பிடி ஒரு கதை."

வேறு எதைக் கேட்டிருந்தாலும் குகநாதன் யோசியாமல் செய்திருப்பார்; பாம்பைத் தொடுவதுதான் அவருக்குப் பயம். கத்தி பிடித்துக் காய்த்துப்போன கைகளில் அடுப்புத் துணியைச் சுற்றிக்கொண்டுதான் முதல் சனிக்கிழமை பாம்பைத் தூக்கினார். மாவு நிறுக்கும் தராசில் ஐஸ்கிரீம் பெட்டியை வைத்து, அதற்குள் பாம்பை விட்டு நிறுத்தார். இருநூற்றி எட்டு கிராம். எலியை இடுக்கியால் பிடித்து நீட்டினார். பாம்பு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது, நாக்கை நீட்டியது, பிறகு சட்டென்று கவ்வியது. குகநாதன் கதிரையில் இருந்து எழும்பி, "புனிதம், தின்னுது! வந்து பார், தின்னுது!" என்று கத்தினார். புனிதவதி வரவில்லை. பெட்டியடியில் குந்தியிருந்து, எலியின் வால் உள்ளே போய் முடியும் வரைக்கும் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சனி இருநூற்றிப் பதினாலு. அதற்கடுத்தது இருநூற்றிப் பத்தொன்பது. மகளிடமிருந்து பதிலுக்கு ஒரு படம் வந்தது, அரைவாசி வெறுமையான ஒரு தட்டு. ஹோட்டல் சமையலறையில் அடுப்புக்கு முன்னால் நின்று அதைப் பார்த்தவர், ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஷெஃப் என்னவென்று கேட்டதற்கு வெங்காயம் என்றார். அன்றைக்கு அவர் வெங்காயம் வெட்டவேயில்லை. இருநூற்றி இருபத்தேழு. இருநூற்றி முப்பத்தொன்று. பாம்பின் முதுகு வரம்பு கொஞ்சம் தணிந்திருந்தது. கிளினிக்கில் இருந்தும் நல்ல செய்தி சொன்னார்கள். கடையில் புது எலிப் பெட்டி வாங்கப் போன குகநாதன், இனி இவன் வளர்ந்த பிள்ளைதானே என்று, பெரிய எலியாகப் பார்த்து வாங்கிவந்தார். தாளில் சின்னது என்று எழுதியிருந்ததை அவர் மறக்கவில்லை. மறந்தவனை மன்னிக்கலாம்.

பிறகு கந்தசஷ்டி வந்தது.

புனிதவதி இந்த முறை மகளுக்காக நேர்ந்து விரதம் பிடித்தாள். ஆறு நாளும் பாலும் பழமும், கடைசி நாள் அதுவும் இல்லை. பிள்ளை சாப்பிட வேண்டும் என்பதற்காகத் தாய் பட்டினி கிடக்கிறாள். இதை அந்தக் கிளினிக் டொக்டரிடம் யார் விளங்கப்படுத்துவது! தீபாவளிக்கு அடுத்தநாள், செவ்வாய்க்கிழமை, மீனும் இறைச்சியும் காய்ச்சும் மச்சச் சட்டியெல்லாம் கழுவிக் கட்டி மேலே ஏற்றி, வீடு முழுக்கத் துடைத்தாள். ஃப்ரீசரைத் திறந்தாள். தேங்காய்ப்பூப் பைக்குப் பக்கத்தில் எலிப் பெட்டி.

"இஞ்சேருங்கோ, நாளைக்கு விரதம் துவங்குது. இந்த வீட்டில ஆறு நாளும் மச்சம் புழங்கக் கூடாது. உந்த எலிப் பெட்டியை வெளியில கொண்டுபோங்கோ."

"சனிக்கிழமை பாம்புக்குச் சாப்பாடு குடுக்கவேணுமெல்லே?"

"சஷ்டிக்குள்ள எலியோ? நான் ஆருக்காகப் பிடிக்கிறன் எண்டு தெரியாதோ உங்களுக்கு? அது ஒரு கிழமை பிந்தித் தின்னட்டும்."

பிந்தித் தின்றிருக்கலாம். ஒரு குறையும் வந்திராது. பத்து நாளைக்குப் பயமில்லை என்று கண்ணுக்கு முன்னால் ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியிருந்தது. ஆனால் குகநாதனின் தலைக்குள் ஓடியது வேறு கணக்கு. அந்த மெலிந்த உடம்பு அத்தனை நாளும் வெறும் வயிற்றோடு கிடப்பதா? சனிக்கிழமை நிறை குறைந்து போனால் பிள்ளைக்கு எதைக் காட்டுவது? விரதத்துக்கு முதல்நாள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பது அவருக்குத் தெரிந்த வழக்கம். ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். பாம்பும் அப்படிச் செய்தால் என்ன?

அன்று பின்னேரமே பெரிய எலி ஒன்றை இளக்கிக் கொடுத்தார். பாம்பு சாப்பிட்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. ஆனாலும் வாங்கியது. பாதியில் கஷ்டப்பட்டு நின்று, பிறகு விழுங்கியது. "கெட்டிக்காரன்" என்றார் குகநாதன். இரண்டாவதையும் நீட்டினார். பாம்பு தலையைத் திருப்பியது. பந்தியில் போதும் என்று கை மறிப்பவருக்கு எப்படி இன்னொரு அகப்பை போடுவது என்று முப்பது வருடமாகப் பழகியவர் அவர். மெல்ல மெல்ல மூக்கடியில் ஆட்டி ஆட்டி, அதையும் தின்ன வைத்துவிட்டார்.

அதோடு விட்டாரா? தொடக் கூடாத பாம்பைத் தூக்கித் தராசில் வைத்தார். இருநூற்றித் தொண்ணூற்றெட்டு! படம் எடுத்து மகளுக்கு அனுப்பினார். உடனே பதில் வந்தது.

"இண்டைக்கு செவ்வாய். ஏன் குடுத்தனீங்கள்? எத்தினை குடுத்தனீங்கள்?"

"அம்மாவுக்கு சஷ்டி. அதான் முந்திக் குடுத்தனான். ஒண்டுதான்," என்று எழுதினார்.

ஏன் அப்படி எழுதினார் என்று அவரைக் கேட்டால் அவருக்கே தெரியாது. இரண்டு என்று எழுதியிருந்தால், அந்த நிமிடமே மகள் வைத்தியரைக் கூப்பிட வைத்திருப்பாள். ஏதாவது செய்திருக்கலாமோ என்னவோ.

வியாழக்கிழமை விடிய பெட்டிக்குள் நாறியது. விழுங்கிய இரண்டையும் பாம்பு வெளியே தள்ளியிருந்தது. பாம்பு தண்ணீர்க் கிண்ணத்தோடு சாய்ந்து கிடந்தது. சாமியறையில் இருந்த புனிதவதிக்குத் தெரியாமல் எல்லாவற்றையும் அள்ளித் துடைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டார் குகநாதன். வைத்தியரைக் கூப்பிடப் போனை எடுத்தார். அங்கே மகளோடு வேலை செய்கிற பெண்கள் இருப்பார்கள், உடனே மதுஜாவுக்குச் சொல்லிவிடுவார்கள் என்ற பயத்தில் வைத்துவிட்டார். இரண்டு நாள் பார்ப்போம், சுகம் வந்துவிடும் என்று நினைத்தார். வெள்ளிக்கிழமை வேலையால் வந்து பார்த்தபோது பாம்பு அதே இடத்தில் அதே மாதிரிக் கிடந்தது. அதன் முதுகைத் தடவினார். வரம்பு முந்தியதை விட உயர்ந்திருந்தது.

சனிக்கிழமை பதினொன்றரைக்கு ஹோட்டலில் வைத்துப் போனுக்குள் தேடி, போன கிழமைப் படத்தை எடுத்தார். இருநூற்றி முப்பத்தொன்று. ஒன்றும் எழுதாமல் அதை அனுப்பினார். ஒரு மணிக்கு மகளிடமிருந்து ஒரு படம் வந்தது. வழித்துத் துடைத்த வெறும் தட்டு. கீழே ஒரு சின்ன முருங்கைக்காய்ப் படம் கீறி அனுப்பியிருந்தாள். இந்தத் தடவை குகநாதன் முகத்தைத் துடைக்கவில்லை. குளிரறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு நின்றார்.

ஞாயிறு விடிய முருங்கை செத்துக் கிடந்தது.

புனிதவதி வாசலில் நின்று பார்த்தாள். நாலு நாள் பட்டினியில் அவளுக்கும் கண் உள்ளே போயிருந்தது. "இதே மாதிரி ஒண்டு வாங்கி வைப்பம்," என்றாள் கடைசியில். "அவளுக்கு என்னெண்டு தெரியப்போகுது?"

"முதுகைத் தடவினா அவளுக்குத் தெரியும்," என்றார் குகநாதன். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, கடைகளும் பூட்டு. திறந்திருந்தால் போயிருப்பாரோ என்னவோ, அதை நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

தோட்டத்துண்டில், பயற்றங்காய்ப் பந்தல் போடும் மூலையில், மழைக்குள் குழி வெட்டி அதைத் தாட்டார். கையைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறினார். மனைவி கோயிலுக்குப் போய்விட்டாள்.

மதுஜா ஜன்னலடியில் கம்பளிச் சட்டையோடு இருந்தாள். முகத்தில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது.

"அம்மா வரேல்லையோ அப்பா?"

"கோயிலுக்குப் போட்டா. சஷ்டியெல்லே."

"எனக்காகத்தானே? நான் சாப்பிடவேணும் எண்டு அவ சாப்பிடாம இருக்கிறா." சிரித்தாள். "முருங்கை எப்பிடி இருக்கு?"

வழி முழுக்க யோசித்து வைத்த வசனங்கள் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. "செத்துப்போச்சு பிள்ளை," என்றார்.

"எப்ப?"

"இண்டைக்கு விடிய."

"நேற்று நீங்கள் படம் அனுப்பினீங்கள்."

"அது போன கிழமைப் படம்."

அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடித்தாள். "செவ்வாய்க்கிழமை எத்தினை குடுத்தனீங்கள்?"

"ரெண்டு. பெருசு."

"மெலிஞ்ச உடம்பு அப்பா அது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் குடுக்கலாம். கூடக் குடுத்தா அதால தாங்கேலாது. நான் எழுதி ஒட்டினனான். மூண்டு கோடு போட்டு ஒட்டினனான்." அவள் குரல் உயரவேயில்லை. கத்தியிருந்தால் அவருக்கு லேசாக இருந்திருக்கும். "நேற்று நான் முழுக்கச் சாப்பிட்டனான், தெரியுமோ? உருளைக்கிழங்கு, இறைச்சி, எல்லாம். நேர்ஸ் கை தட்டினவா. அது செத்துக்கொண்டு கிடக்கேக்க நான் சாப்பிட்டிருக்கிறன். நீங்கள் எனக்குப் பொய்யைக் காட்டிச் சாப்பிட வைச்சிருக்கிறீங்கள்."

"என்ர பிழைதான். எல்லாம் என்ர பிழை. அண்டைக்கு மைக்கில சொன்னதும் பிழை." கதிரையை அவளுக்குக் கிட்ட இழுத்தார். "எனக்கு ஒருத்தருக்கும் குறைச்சுப் போடத் தெரியாது பிள்ளை."

"தெரியும் அப்பா," என்றாள் மதுஜா. கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். நேர்ஸ் வந்து, நேரமாகிவிட்டது என்று சொல்லும் வரைக்கும் அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். கம்பளிக்குள்ளாலும் அந்த எலும்பு வரம்பு தெரிந்தது.

புதன்கிழமை கிளினிக்கில் இருந்து போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமையில் இருந்து மதுஜா தட்டைத் தொடவில்லை, இந்தக் கிழமை பார்க்க வரவேண்டாம் என்று பண்பாகச் சொன்னார்கள். விரதம் முடித்துப் பாறணை செய்த புனிதவதிக்கு அதற்குப் பிறகு ஒரு வாய் இறங்கவில்லை. குகநாதன் அவளை வற்புறுத்தவில்லை. சோற்றை மூடி வைத்தார்.

அடுத்த சனிக்கிழமை பதினொன்றரைக்கு ஹோட்டல் சமையலறை பரபரத்துக்கொண்டிருந்தது. குகநாதன் கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தார். அனுப்புவதற்குப் படம் இல்லை. "சாப்பிட்டியோ" என்று எழுதினார். ஒவ்வொரு எழுத்தாக அழித்தார்.

"அங்க குளிருதோ பிள்ளை?" என்று எழுதி அனுப்பினார்.

பன்னிரண்டு தாண்டியது. பதில் வரவில்லை. ஒரு மணிக்குச் சாப்பாட்டு மண்டபத்தில் இருந்து தட்டுகள் திரும்பி வரத் தொடங்கியபோது போன் ஒருமுறை அதிர்ந்தது.

"ஓம்," என்று மட்டும் இருந்தது.

போனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, யாரோ தொடாமல் அனுப்பியிருந்த தட்டு ஒன்றை எடுத்து, யாருடையது என்று கேட்காமல் கழுவப் போட்டார்.